குச்சியில் ஏறிய ஆயில்

என்னை ஒருத்தர் கை நீட்டி அடித்து, நான் திருப்பி அடிக்காமல் விட்டது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். ஏன் விட்டேன் என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களிடமெல்லாம் உன் வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இங்கே சொல்கிறேன். அதற்கு முதலில் எங்கள் லாரியைப் பற்றியும் அதன் வயிற்றில் நாங்கள் ஊற்றிய கருப்பு ஆயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு எஞ்சின் ஆயில் மாற்றுகிறார்களே, பழையதை என்ன செய்கிறார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரர் யோசித்தார். ஊரில் இருக்கிற ஒர்க்‌ஷாப் எல்லாம் ஏறி இறங்கி, அந்தக் கழிவு ஆயிலைக் கேனில் பிடித்து வந்து வீட்டு முற்றத்தில் டிரம் டிரம்மாக நிறுத்தினார். அதை அசைக்காமல் வைத்தால் கசடும் தண்ணீரும் அடியில் தங்கும். மேலாக இருப்பதை உறிஞ்சி எடுத்து, துணியில் வடிகட்டி, பிறகு மெல்லிய ஃபில்டரில் விட்டு, கொஞ்சம் பெட்ரோல் கலந்து நீர்க்கச் செய்தால் பழைய காலத்து டீசல் எஞ்சின் அதில் ஓடும். எங்கள் லாரி அப்படிப்பட்ட பழசு. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் இல்லாத இரும்பு. புகையைக் கக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பார்த்தால் உங்களுக்கே அதற்கு எருமை என்று பேர் வைக்கத் தோன்றும். நாங்கள் வைத்தோம்.

வடிகட்டியதைச் சோதிப்பது என் வேலை. அடுப்பில் இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து ஒரு சொட்டு விடுவேன். பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது, திரும்ப டிரம்முக்குப் போ. சத்தமில்லாமல் பரவினால் டேங்குக்குப் போகலாம். லாரிக்கு இரண்டு டேங்க். சின்னது டீசலுக்கு, பெரியது எங்கள் ஆயிலுக்கு. டீசலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பி ஆயிலுக்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்குத் திருப்பி, குழாயில் இருக்கிற ஆயில் எல்லாம் எரிந்து தீரும்வரை சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே உறைந்து அடுத்த நாள் எருமை எழுந்திருக்காது. அவசரமோ மழையோ, கிளம்பி ஓடுகிறவன் வீட்டுக் கதவைப் பூட்டுகிற மாதிரி இதை நாங்கள் மறக்கவே மாட்டோம்.

இது ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் டீசல் விலை ஏறியது. கல்குவாரியில் ஜல்லி ஏற்றுகிற லாரிக்காரர்கள் எல்லாரும் வாடகையை ஏற்றிக் கொடுத்தால்தான் வண்டி எடுப்போம் என்று நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் நிறுத்தவில்லை. உங்களுக்கு டீசல் ஏறினால் எனக்கு என்ன வந்தது என்று தினமும் ஜல்லி ஏற்றினார். குவாரிக்காரனுக்குக் கொண்டாட்டம். இந்த ஒரு வண்டியைக் காட்டியே மற்றவர்களை மதிக்காமல் இருந்தான்.

அந்த லாரிக்காரர்களுக்குத் தலைவர் என் கூடப் பிறந்த அண்ணன்.

இப்போது புரிந்திருக்கும். இந்தப் பக்கம் தாலி கட்டினவர், அந்தப் பக்கம் கூடப் பிறந்தவன். இரண்டு பேருக்கும் வணங்காத கழுத்து. இவர்களில் ஒருத்தன் இன்னொருத்தனைக் கொன்றுவிடுவான் என்ற பயம் ஒன்றுதான் எனக்கு இருந்தது. கோபத்தில் பாத்திரத்தை எறிந்தேன், பயத்தில் அதைப் பொறுக்கினேன், இப்படியே நாள் போயிற்று.

அண்ணன் கடைசியாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாகவே ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அண்ணன் நயமாகத்தான் கேட்டான், கொஞ்ச நாள் வண்டியை நிறுத்துங்கள் மாப்பிள்ளை, எல்லார் வயிற்றிலும் அடிக்காதீர்கள் என்று. என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர், மூளை இருக்கிறவன் பிழைக்கிறான், இல்லாதவன் கொடி பிடிக்கிறான் என்றார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அதோடு விட்டாரா? எருமையின் மூடியைத் தூக்கி, ஆயில் குச்சியை உருவி அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஆயில் குச்சி என்பது எஞ்சின் அடியில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கிற கம்பி. மற்றவர்கள் எஞ்சினில் ஆயில் குறையும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் எஞ்சினில் ஏறிக்கொண்டே போனது. மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் ஏறியிருந்தது.

“பாருங்க மச்சான். ஊருல எல்லா வண்டியும் ஆயில் குடிக்கும். நம்ம எருமை கறக்குது” என்றார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். எங்களுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கழிவு ஆயில் போட்டு எஞ்சினே சுத்தமாகிவிட்டது, இனி ஆயில் வாங்கவே வேண்டாம் என்று இரண்டு பேரும் நம்பினோம். ஆயிலோடு வாழ்ந்து வாழ்ந்து எல்லா ஆயிலும் நல்ல ஆயில் என்று ஆகியிருந்தது எங்களுக்கு.

அண்ணன் குச்சியை வாங்கினான். கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் தேய்த்தான். மோந்து பார்த்தான். பிறகு என் வீட்டுக்காரர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். குச்சியைத் துணியில் துடைத்து, பழையபடி சொருகிவிட்டு, “பெரிய ஆளுதான் மாப்பிள்ள” என்று சொல்லிவிட்டுப் போனான். வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவனுடைய ஆட்கள் எங்கள் முற்றத்துக்குள் நுழைந்தார்கள்.

காலை வேளை. நான் அடுப்பில் சட்டியைக் காயவைத்திருந்தேன். கோணவாயன் என்று ஒருத்தன், அண்ணனுக்கு வலதுகை, கையில் கடப்பாரையோடு முன்னால் வந்தான். பின்னால் நாலைந்து பேர். பேச்சே இல்லை. முதல் டிரம்மில் கடப்பாரையை இறக்கினான். கருப்பு ஆயில் குபுகுபுவென்று தரையில் கொட்டியது. இரண்டாவது டிரம்மை உதைத்துத் தள்ளினார்கள். என் வீட்டுக்காரர் ஓடிவந்து கோணவாயன் கழுத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் ஆயிலில் வழுக்கி விழுந்தார்கள். ஒருத்தன் எழுந்தால் இரண்டு பேர் விழுந்தார்கள். வேறு நேரமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அதற்குள் ஒருத்தன் என் வீட்டுக்காரரின் கையை டிரம் மேல் வைத்து அழுத்த, கோணவாயன் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். எலும்பு உடைந்த சத்தம் அடுப்பங்கரை வரைக்கும் கேட்டது.

நான் சட்டியை எடுத்தேன். பிடிதுணி கூட எடுக்கவில்லை. என் உள்ளங்கையில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. கோணவாயன் கன்னத்தில் சட்டியை அப்பினேன். அவன் அலறியது மூன்று தெரு தள்ளிக் கேட்டிருக்கும். இன்னொருத்தன் என் முடியைப் பிடித்து இழுத்தான். அவன் மூக்கில் சட்டியின் விளிம்பால் கொடுத்தேன். ரத்தமும் ஆயிலும் கலந்து அவன் சட்டையில் வழிந்தது. தலைவர் தங்கச்சிடா, தொடாதீங்கடா என்று யாரோ கத்தினான். அப்படித்தான் அண்ணன் சொல்லி அனுப்பியிருக்கிறான். தங்கச்சியைத் தொடக்கூடாதாம், அவள் புருஷன் கையை மட்டும் உடைக்க வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வெறி ஏறியது. அவர்கள் போனபிறகு சட்டியைச் சுவரில் அடித்து நெளித்தேன்.

கட்டுப் போட்ட கையோடு என் வீட்டுக்காரர் மறுநாளே குவாரிக்குப் போகிறேன் என்று நின்றார். டேங்கில் இருக்கிற ஆயில் போதும், ஒற்றைக் கையால் ஓட்டுவேன், நிறுத்தினால் பயந்துவிட்டேன் என்பான் உன் அண்ணன் என்றார். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சாவியை ஒளித்துவைத்தேன். கம்பியை இணைத்துக் கிளப்புவேன் என்றார். இந்த மனுஷனைத் தனியாக விட்டால் பிணமாகத்தான் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரி, நான் ஓட்டுகிறேன், நீங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்றேன். எனக்கு லாரி ஓட்டத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனின் வண்டியில் பழகியது. நான் ஸ்டியரிங்கில் இருந்தால் அண்ணன் வழி விடுவான் என்று கணக்குப் போட்டேன்.

குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எருமை வழக்கத்தை விட அதிகமாகப் புகைந்தது. நான் கவனித்தேன். ஆனால் மனசு அதில் இல்லை. மேடு ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது, சரிவில் சாலைக்குக் குறுக்கே அண்ணனின் லாரி நின்றது. அதற்கு முன்னால் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஓரத்தில் இருபது பேர் இருப்பார்கள். கோணவாயன் கன்னத்தில் துணி ஒட்டியிருந்தான்.

பிரேக்கை மிதித்தேன். சுமை வண்டி, சரிவு வேறு. முனகிக்கொண்டே அண்ணனுக்கு ஒரு ஆள் நீளம் முன்னால் வந்து நின்றது. நியூட்ரலுக்குத் தள்ளினேன். கை தானாக வால்வைத் திருப்பி டீசலுக்கு மாற்றியது. வண்டியை ஆஃப் பண்ணு என்று ஆட்கள் கத்தினார்கள். இருங்கள், குழாய் சுத்தமாகட்டும் என்றேன். அவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது. இப்போதும் நினைத்துக்கொள்கிறேன், அப்போதே அணைத்திருந்தால் அணைந்திருக்கும்.

எஞ்சின் சத்தம் ஏறியது.

நான் என் காலைப் பார்த்தேன். கால் ஆக்சிலேட்டரில் இல்லை, பிரேக்கில்தான் இருந்தது. சத்தம் இன்னும் ஏறியது. வெள்ளைப் புகை சாலையை மூடியது. நிறுத்துகிற கம்பியை இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சாவியைத் திருப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. அவருக்கு அப்போதுதான் புரிந்தது. குச்சியில் ஏறிய ஆயில் எருமை கறந்தது அல்ல. பெட்ரோல் கலந்து நாங்கள் ஊற்றியதுதான் தேய்ந்த பம்ப் வழியாகக் கசிந்து கசிந்து எஞ்சின் அடியில் சேர்ந்திருக்கிறது. சரிவில் மூக்கு கீழே இருக்க, அந்த ஆயில் எல்லாம் முன்னால் வந்து, எஞ்சின் மூச்சு இழுக்கிற காற்றுக் குழாய்க்குள் ஏறிவிட்டது. எஞ்சின் இனிமேல் டேங்கைக் கேட்காது. தன் வயிற்றில் இருப்பதையே தின்று ஓடும். தின்று தின்று வேகம் ஏறி வெடிக்கும். ஒர்க்‌ஷாப் ஒன்றில் இப்படி வெடித்து, உள்ளே இருந்த இரும்புத் தண்டு பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு வந்து நின்றவன் வயிற்றைப் பிளந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம்.

காற்றை அடைச்சாத்தான் நிக்கும் என்று கத்திவிட்டு அவர் சீட்டுக்கு அடியில் கிடந்த பலகையை ஒற்றைக் கையால் எடுத்துக்கொண்டு குதித்தார். பலகையோடு ஒருத்தன் குதித்தால் என்ன நினைப்பார்கள்? அடிக்க வருகிறான் என்று நினைத்தார்கள். கோணவாயன் பாய்ந்து அவர் தலைமுடியைப் பிடித்தான். முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே, அந்த எஞ்சினின் விலாவுக்கு நேரே, அவரைக் கீழே போட்டு நாலு பேர் மிதித்தார்கள். உடைந்த கை மேலேயே ஒருத்தன் ஏறி நின்றான்.

விடுங்கடா, வெடிக்கப் போகுதுடா என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஹாரனை அழுத்தினேன். அண்ணனைப் பார்த்து, நகரு, நகரு என்று கையை ஆட்டினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தங்கச்சி வண்டியை முறுக்கி மிரட்டுகிறாள் என்று நினைத்திருக்கிறான். என் கோபம் அவனுக்குத் தெரியும். அவனுடைய கோபமும் எனக்குத் தெரியும். மிரட்டினால் நகருகிற ஜாதி இல்லை நாங்கள். அவன் கையைக் கட்டியபடியே இன்னும் நிமிர்ந்து நின்றான்.

ஒரே வழிதான் இருந்தது. கிளட்சை மிதித்து, மேல் கியரில் போட்டு, பிரேக்கை உயிரைக் கொடுத்து அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். ஆனால் நிற்பதற்கு முன்னால் வண்டி ஒரு துள்ளு துள்ளும். வெள்ளத்தில் இரண்டு பேர் போகும்போது ஒரு கைதான் இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்? அண்ணனுக்கு நகரக் கால் இருந்தது. கீழே கிடந்தவருக்கு அதுவும் இல்லை. நான் கடைசியாக ஒரு தடவை கையை ஆட்டினேன். பிறகு கிளட்சை விட்டேன்.

எருமை துள்ளியது. எஞ்சின் ஒரு இடி இடித்துவிட்டு நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அண்ணனின் மூச்சுதான் கேட்டது. பின்னால் அவன் லாரி, முன்னால் என் லாரி. இடுப்பு நடுவில்.

இருபது பேரும் ஒன்றாக அலறினார்கள். கோணவாயன் கதவைத் திறந்து என்னை இழுத்துத் தரையில் போட்டான். முகத்தில் ஒரு உதை, விலாவில் ஒரு உதை. எவனோ பெரிய கல்லை என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே தூக்கினான். அப்போது அண்ணன் குரல் கொடுத்தான்.

“நிறுத்துங்கடா. அந்தக் குச்சிய எடுத்துட்டு வாங்க.”

யாருக்கும் புரியவில்லை. அவன் மறுபடி சொன்னான். ஒருத்தன் மூடியைத் தூக்கி ஆயில் குச்சியை உருவிக்கொண்டு வந்தான். குச்சி முழுக்க கருப்பு. பெட்ரோல் நாற்றம் தூக்கி அடித்தது. அண்ணன் அதை எல்லாரும் பார்க்கும்படி பிடித்தான்.

“என் தங்கச்சி ஏத்தல. எஞ்சின் தானா பிச்சுக்கிட்டு ஓடுச்சு. அவங்க ரெண்டு பேரையும் எவனாவது தொட்டீங்க, நடக்கிறதே வேற.”

கல் கீழே விழுந்தது. எருமையைக் கிளப்பிப் பின்னால் எடுக்க முடியாது, கிளப்பினால் மறுபடி அதே கதிதான். சங்கிலி கொண்டுவாருங்கள், பின்னால் ஒரு வண்டியைக் கட்டி இழுப்போம் என்று ஓடினார்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த வண்டியை யாரோ கிளப்பினார்கள். மிதித்தவர்களும் மிதிபட்டவரும் ஒரே சங்கிலியைப் பிடித்தார்கள்.

நான் இரண்டு லாரிக்கும் நடுவில் நுழைந்து அண்ணன் முகத்தைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. ஒன்றும் ஆகாது அண்ணே, எடுத்துடுவாங்க என்றேன். அவன் என்னைக் கிட்டே குனியச் சொன்னான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

“பாப்பா. அன்னிக்குக் குச்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும். ஒரு நாள் இது இப்படித்தான் போகும்னு தெரியும்.”

“தெரிஞ்சு ஏண்ணே சொல்லல?”

“எஞ்சின் வெடிச்சுத் தொலையட்டும்னு விட்டுட்டேன். நீ ஓட்டுவேன்னு நினைக்கல.”

நான் அவனை அடித்தேன். கன்னத்தில், ஓங்கி, வெந்த கையாலேயே. அவன் தலை அந்தப் பக்கம் திரும்பித் திரும்ப என் பக்கம் வந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. இன்னொரு அடி வேண்டும் என்கிற மாதிரிப் பார்த்தான். நான் அவன் தலையை என் தோளில் சாய்த்து அழுத்திக்கொண்டேன். என் அண்ணன் மேல் எனக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு வெறுப்பு அந்த நிமிஷம். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

சங்கிலி இறுகியது. எருமை பின்னால் நகர்ந்தது. அமுங்கியிருந்தது விலகியதும் ரத்தம் நிற்காமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் அவன் என் மடியிலேயே முடிந்துவிட்டான்.

போலீஸ் வந்தது. இருபது பேரும் தலைவர் சொன்னதையே சொன்னார்கள், எஞ்சின்தான் ஓடியது, அந்தப் பொம்பளை மேல் தப்பில்லை என்று. கோணவாயனும் சொன்னான். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் பார்த்திருந்தார்கள். சாகப்போகிற அண்ணனைத் தங்கச்சி ஓங்கி அறைந்தாள் என்பது எங்களுக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் வாசலில் கால் வைத்ததும் அண்ணி வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் போயிருந்தது.

“வண்டி தானா ஓடுச்சுன்னு சொன்னாங்க. சரி. உயிர் போறவன ஏண்டி அடிச்ச?”

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உன் புருஷன் எல்லாம் தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தான், அதனால்தான் அவனும் செத்தான், என்னையும் கொலைகாரி ஆக்கினான் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். உள்ளே அவனைக் கிடத்தியிருந்தார்கள். தன்னை நசுக்கிய வண்டியில் வந்த எங்களையே சாகிற நேரத்தில் காப்பாற்றிய தலைவர் என்று சுற்றி நின்றவர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அண்ணிக்கு இனிமேல் மிச்சம் அது ஒன்றுதான். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், பாத்தியா உன் அண்ணன் லட்சணத்த என்பார். அந்தச் சொல்லை நான் கேட்கத் தயாராக இல்லை.

அண்ணி என் கன்னத்தில் அறைந்தாள். கோணவாயன் உதைத்து வீங்கிய அதே கன்னம். மறுபடி அறைந்தாள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையோடு முன்னால் வந்தார். வராதீர்கள் என்று கண்ணாலேயே நிறுத்தினேன். என் கை இரண்டும் கீழேயே தொங்கின. அவள் கை ஓயும்வரை நின்றேன்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவள் அதை வாங்கி என் முகத்தில் ஊற்றினாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் கொண்டுவரப் போனேன்.